மணி அடித்த பிறகும் நிற்காத ஜெபம்

எங்கள் சபையில் ஜெபம் என்றால் காது கிழியும். பாஸ்டர் பியோ "எல்லாரும் சத்தமா ஜெபிப்போம்" என்றதும் முந்நூறு பேரும் மூன்று முறை "ஆண்டவரே" என்று கத்திவிட்டு, அவரவர் கதையை அவரவர் குரலில் ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்து ஆள் என்ன சொல்கிறார் என்பது யாருக்கும் கேட்காது. அதுதான் அதன் வசதி. மாமியாரின் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டே மாமியாரைப் பற்றி ஆண்டவரிடம் புகார் சொல்லலாம். மேடையில் ஒரு சின்ன மணி இருக்கிறது. பாஸ்டர் அதைத் தட்டினால் அத்தனை வாயும் சட்டென்று மூடிக்கொள்ளும்.

நான் எங்கள் ஊர் குன்சானில், துறைமுக மீன் சந்தைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசைத் தூணை ஒட்டி உட்காருவேன். மற்றவர்கள் கத்தும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன். இந்த வயதில் எனக்கு எதற்குக் கத்தல்? ஆண்டவருக்கு ஒன்றும் காது மந்தமில்லை என்பது என் கட்சி.

என் மனைவி யோங்ரிம் எதிர்க்கட்சி. சபையில் வெளிநாட்டு ஊழியத்துக்காக ஜெபிக்கும் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. விடிவதற்கு முன்பே எழுந்து, அதிகாலை ஜெபத்துக்குப் போய், "ஊழியத்துக்கு ஆட்களை அனுப்பும் ஆண்டவரே" என்று இருபது வருஷமாகத் தொண்டை வற்றக் கேட்டுக்கொண்டிருக்கிறவள். அப்படிப் போன ஆட்களுக்கெல்லாம் மிளகாய் விழுதும் காய்ந்த கடற்பாசியும் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புவாள். எங்கள் ஒரே மகள் தாசோம் அந்தப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டியே வளர்ந்தவள்.

தாசோமுக்கு இருபத்தேழு வயது. ட்யூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். சனிக்கிழமைகளில் சபையின் வாலிபப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாட்டு, பந்து, பைபிள் என்று மூன்றையும் கலந்து எதையோ நடத்துவாள். போன கோடையில் இரண்டு வாரம் மங்கோலியாவில் தார்கான் என்கிற ஊருக்கு, அங்குள்ள சின்னச் சபை ஒன்றில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தப் போனாள். மூக்கு உரிந்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் அவள் பேச்சே குறைந்துபோயிற்று. யாரையோ காதலிக்கிறாள் என்று நான் நினைத்தேன். பையன் யார், என்ன வேலை என்று கேட்கக்கூடத் தயாராகிவிட்டேன்.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில், வாளைமீன் குழம்புக்கு நடுவே அவளாகவே சொன்னாள்.

"அம்மா, அப்பா. நான் தார்கானுக்குப் போயி மூணு வருஷம் இருக்கலாம்னு இருக்கேன். அங்க வாலிபப் பிள்ளைங்களப் பாத்துக்க ஆள் இல்ல. எனக்கு அழைப்பு இருக்குன்னு தோணுது."

யோங்ரிம் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "அல்லேலூயா" என்றாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். நாங்கள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

எனக்கு இந்த அழைப்பு என்கிற சமாசாரமே புரிந்ததில்லை. அடுத்த வாரம் அவள் கடைக்கு வந்தபோது கேட்டேன். "எப்படிம்மா கூப்பிட்டார்? போன்ல வந்தாரா, இல்ல மெசேஜா?"

"கிண்டல் பண்ணாதீங்கப்பா." கவுன்ட்டரில் இருந்த ஒரு பிரேமை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். "அங்க முகாம்ல நோமின்னு ஒரு பொண்ணு. பதினஞ்சு வயசு. நீங்க எந்த ஊருன்னு கேட்டுச்சு, குன்சான்னு சொன்னேன். எங்கம்மா அங்கதான் கடற்பாசி பேக்டரில வேல செய்யுறாங்க, உங்க சபைக்குத்தான் வருவாங்க, நல்லா இருக்காங்களான்னு கேட்டுச்சு. போட்டோ காமிச்சு, பேரு ஓயூன்னு சொல்லுச்சு. பாத்தா நம்ம சபை அக்காப்பா. கீழ்த்தளத்துல மொழிபெயர்ப்பு ஆராதனைக்கு வாராவாரம் வருவாங்களே, பச்ச ஜாக்கெட்டு. ரெண்டு வருஷமா மாடிப்படில பாத்துத் தலைய ஆட்டியிருக்கேன். பேரு கூடக் கேட்டதில்ல. நல்லா இருக்காங்களான்னு அந்தப் புள்ள கேக்குது, எனக்குத் தெரியல."

"சரி."

"வந்ததுலேருந்து அதே நெனப்புதான். ஊருக்குக் கெளம்பி பஸ்ல ஏறினப்புறம், அடுப்ப அணச்சோமா இல்லையான்னு ஒரு நெனப்பு வருமே, அந்த மாதிரி. வேற எத யோசிச்சாலும் அது உள்ள இருந்துகிட்டே இருக்கு. அந்த முகாமுக்கு வந்ததுல பாதிப் பிள்ளைங்களோட அப்பாவோ அம்மாவோ நம்ம நாட்டுலதான் வேல செய்யுறாங்க. பிள்ளைங்க சித்தி வீட்டுலயும் பாட்டி வீட்டுலயும் இருக்குதுங்க. பரீட்ச எப்படி எழுதுனேன்னு கேக்க ஆளில்ல."

எனக்கு அது புரிந்தது. இடி, மின்னல், குரல் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அடுப்பு நினைப்போடு என்ன வாதாடுவது?

"ஒண்ணு மட்டும்," என்றாள் தாசோம். "அம்மா மனசாரப் போன்னு சொன்னாத்தான் போவேன். இல்லன்னா இல்ல. எனக்கு அழைப்புன்னா அவங்களுக்கும் அது தெரியணும்."

"அதான் சபை முன்னாடி எந்திரிச்சு நின்னு ஸ்தோத்திரம் சொல்லிட்டாளே. எல்லாரும் கைதட்டினாங்க."

"அது முந்நூறு பேருக்குச் சொன்னது. எனக்கு இன்னும் சொல்லல."

அவள் சொன்னது உண்மை. யோங்ரிம் வாயால் ஒரு குறையும் சொல்லவில்லை. "தலைவி வீட்டுலேருந்தே ஆண்டவர் ஆள் எடுத்துட்டாரு" என்று குழுப் பெண்கள் வாழ்த்தியபோது பல் தெரியச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், இருந்த கிம்ச்சி ஊறுகாயே குளிர்ப்பெட்டியில் இடமில்லாமல் கிடக்க, இன்னும் முப்பது முட்டைக்கோஸ் வாங்கி ஊறப்போட்டாள். மகள் எதிரே வந்தால் "போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டப் பல்லக் காமிச்சிரு" என்பாள், "தெர்மல் உள்ளாடை வாங்கணும்" என்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள். என்னிடம் மட்டும் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தாள். சாக்ஸைத் தரையில் போட்டதற்காக இத்தனை வருஷத்தில் வாங்காத திட்டை அந்த மாதம் வாங்கினேன்.

வழியனுப்பு ஆராதனை ஞாயிறு மதியம் வந்தது. சபை புதிதாக, காலரில் குத்திக்கொள்ளும் மைக்குகள் வாங்கியிருந்தது. குழுத் தலைவி என்ற முறையில் ஆரம்ப ஜெபம் யோங்ரிம்தான் செய்யவேண்டும். பாஸ்டர் தம் கையாலேயே அவள் காலரில் ஒன்றைக் குத்திவிட்டார். அவளும் மேடையில் நின்று அழகாக, அச்சில் ஏற்றலாம் போல, ஒரு ஜெபம் செய்தாள். செய்துவிட்டு மைக்கைக் கழற்ற மறந்து, அப்படியே இறங்கி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தாசோம் மேடையில் முழங்கால் போட்டிருந்தாள். "இந்த மகளுக்காக எல்லாரும் சத்தமா ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். மூன்று ஆண்டவரே. பிறகு கூரை அதிர்ந்தது. மைக்குகளைப் பார்த்துக்கொள்ளும் சோ தம்பி அவள் மைக்கை அணைத்திருக்க வேண்டியது. ஆனால் அவரும் எங்கள் சபைக்காரர்தானே. கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் தூக்கி, உலகத்தை மறந்து கத்திக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் மணியைத் தட்டினார். முந்நூறு வாயும் மூடின. ஒன்று மூடவில்லை. உருக்கமாக ஜெபிக்கும்போது யோங்ரிமுக்கு மணி காதில் விழாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கையால் இடிப்பார்கள். அன்றைக்கு அதற்குள் அவள் குரல் கூரையிலிருந்த எட்டு ஸ்பீக்கர்களிலும் வந்துவிட்டது.

"...வேற யாரையாச்சும் கூப்பிடுங்க ஆண்டவரே. மூப்பர் சோங் வீட்டுப் பையன் தேஹோ இருக்கான், முப்பத்தோரு வயசு, மத்தியானம் வரைக்கும் தூங்குறான், அவனக் கூட்டிட்டுப் போங்க. ஆட்கள அனுப்புங்கன்னு நான் கேட்டேன், இல்லங்கல. எங்க வீட்டுலேருந்துன்னு சொன்னேனா? எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுக்குக் குளிர் ஒத்துக்காது, சளி புடிச்சா ஒரு மாசம் விடாது, உங்களுக்கே தெரியும். அது இல்லாம அந்த வீட்டுல நான் யாருக்குச் சோறு போடுவேன்? அந்த மனுஷனுக்கா? என்ன போட்டாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாரு, போட்டது என்னன்னே தெரியாது. வேணாம் ஆண்டவரே. என் புள்ளய விட்டுருங்க."

தன் குரல் கூரையிலிருந்து வருவதை அப்போதுதான் கேட்டாள். கண்ணைத் திறந்தாள்.

பாஸ்டர் பியோ முப்பது வருஷம் ஊழியம் செய்தவர். எந்த இக்கட்டிலும் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே வார்த்தை "ஆமென்". பழக்க தோஷத்தில் முந்நூறு பேரும் அதற்கு ஆமென் சொல்லிவிட்டார்கள். ஆக, எங்கள் மகளை அனுப்பவேண்டாம் என்ற விண்ணப்பம் முழுச் சபையின் சம்மதத்தோடு பரலோகத்துக்குப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தூணுக்குப் பின்னால் வாயை அசைத்துக்கொண்டிருந்த நானும் அதே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் சட்டையில் மைக் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் தாசோம் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "நான் போகலம்மா. நாளைக்குப் பாஸ்டர்கிட்டச் சொல்லிடறேன்."

"எதுக்குப் போகல?"

"நீங்க சொன்னதக் கேட்டேனே."

யோங்ரிமுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "உங்கிட்டயா சொன்னேன்? நான் அவர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் நடுவுல ஆயிரம் இருக்கும். ஒட்டுக் கேட்டுட்டு வந்து பதில் சொல்லுறியா நீ?"

"ஒட்டுக் கேக்கலம்மா. எட்டு ஸ்பீக்கர்."

யோங்ரிம் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அதிகாலை ஜெபத்துக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தாசோம் பாஸ்டரைப் போய்ப் பார்த்தாள். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதிகாலை ஜெபத்துக்கு யோங்ரிம் வரவில்லை என்றால் சபைக்கு ஒரே அர்த்தம்தான், உடம்பு சரியில்லை. உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குக் கஞ்சி போகவேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து கஞ்சி வர ஆரம்பித்தது. பூசணிக் கஞ்சி, பைன் கொட்டைக் கஞ்சி, சிப்பிக் கஞ்சி. கொண்டுவந்த ஒருத்தி கூட ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை. "ப்ளூ காய்ச்சல் இந்த வருஷம் ரொம்ப மோசமாமே" என்றார்கள். "ஆமா, தொண்டையத்தான் புடிக்குதாம்" என்றாள் யோங்ரிம். ஒரு தும்மல்கூட இல்லாதவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மானத்தைக் காப்பாற்றுவதற்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல வழி கிடையாது. மூன்று வேளையும் கஞ்சி குடித்து எனக்குத்தான் உடம்பு பலவீனமாகிவிட்டது.

மூப்பர் சோங்கின் மனைவியும் அபலோன் என்ற விலையுயர்ந்த சிப்பிக் கஞ்சியோடு வந்தாள். அவள் பையன் பெயரும் அந்த எட்டு ஸ்பீக்கரில் வந்திருந்தது. கஞ்சியை வைத்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது, என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எங்க தேஹோ இப்பெல்லாம் காலைல ஏழு மணிக்கே எந்திரிச்சுடறான். பாஸ்டரப் பாத்தா சந்துக்குள்ள ஒளிஞ்சுக்கறான். காய்ச்சல் விட்டப்புறம் தாசோம் அம்மாகிட்டச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கதவைத் தட்டியது ஓயூன். அதே பச்சை ஜாக்கெட். கையில் கஞ்சி இல்லை. துணி சுற்றிய ஒரு பாத்திரத்தில் ஆட்டிறைச்சி வைத்த கொழுக்கட்டை. ஐந்து வருஷமாக இந்த ஊரில் இருந்தும் எங்கள் பேச்சு அவளுக்கு இன்னும் துண்டு துண்டாகத்தான் வரும். தாசோம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள்.

"ப்ளூ காய்ச்சல்" என்று ஆரம்பித்தாள் யோங்ரிம்.

"காய்ச்சல் இல்ல அக்கா," என்றாள் ஓயூன். "அழுதீங்க. நான் கேட்டேன். கீழ்த்தளத்துல ஸ்பீக்கர் இருக்கு. எல்லாரும் கேட்டாங்க."

வாரம் முழுக்க ஒருவரும் சொல்லாததை அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எங்கள் வழக்கம் அவளுக்குத் தெரியாது. யோங்ரிம் போர்வையைக் கீழே விட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஒருவிதமான நிம்மதி இருந்தது, பொய் இருமல் இனித் தேவையில்லை என்பதுபோல.

"நான் சொல்ல வந்தேன்," என்றாள் ஓயூன். "அனுப்பாதீங்க அக்கா. கஷ்டம். எனக்குத் தெரியும். நான் வந்தப்ப நோமினுக்குப் பத்து வயசு. இப்ப என்னவிட உயரமாம். போன்ல தெரியல உயரம். முகம் மட்டும் தெரியுது. வேணாம் அக்கா. உங்க பொண்ணு உங்க கூட இருக்கட்டும்."

தாசோம் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாலு நாள் கஞ்சிக்குப் பிறகு அது தேவாமிர்தமாக இருந்தது. தாசோமை அனுப்புங்கள் என்று தன் மகளுக்காகக் கேட்டுக்கொள்ளக் காரணம் உள்ள ஒரே ஆள் ஓயூன்தான். அவளே வந்து வேண்டாம் என்கிறாள்.

யோங்ரிம் பாத்திரத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு கேட்டாள், "அது எங்க இருக்கு? நோமின்."

"எங்க அக்கா வீட்டுல. அக்காவுக்கு நாலு பிள்ளைங்க."

"காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது?"

ஓயூன் யோசித்தாள். "என்கிட்டச் சொல்லாது. சரியானப்புறம் சொல்லும்."

"சாப்பாடு?"

"போட்டதச் சாப்பிடும். பிடிக்குமா பிடிக்காதா, அது எனக்கு இப்ப தெரியல அக்கா."

யோங்ரிம் எழுந்தாள். நேரே மகள் முன்னால் வந்து நின்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"நீ போறியா இல்லையா?"

"நீங்க மனசார அனுப்பலன்னா போகமாட்டேன்னு சொன்னேன்ல."

"மனசார வராதுடி. அது வர்றதுக்குள்ள உனக்கு நாப்பது வயசாயிரும், அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்." மூக்கைப் போர்வை நுனியால் துடைத்தாள். "இருபது வருஷமா அவர்கிட்ட அழகழகா ஜெபம் பண்ணிருக்கேன். அன்னிக்குத்தான் உள்ள இருக்கறதச் சொன்னேன். நான் வேணாம்னு சொன்னது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அத வாபஸ் வாங்கமாட்டேன். வேணாம்னு சொல்லிகிட்டே அனுப்பறேன். அழுதுகிட்டே அனுப்பறேன். அது போதுமா உனக்கு?"

தாசோம் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "போதும்மா" என்றது அந்தத் தோளுக்குள்ளிருந்து கேட்டது. அத்தனை பேர் கைதட்டலில் கிடைக்காதது அவளுக்கு அந்த ஒரு திட்டில் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. பாதி கொழுக்கட்டையாகவும் இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு யோங்ரிம் காய்ச்சல் விட்டு ஆராதனைக்கு வந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சத்த ஜெபம் ஆரம்பித்தபோது வழக்கத்தைவிட அதிகமாக அழுகுரல் கேட்டதாக எனக்குத் தோன்றியது. யார் யார் என்னென்ன சொல்ல ஆரம்பித்தார்களோ. சோ தம்பி மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.

விமான நிலையம் போகும் பஸ் காலை ஒன்பதுக்கு. தாசோமின் பெட்டிகளில் பாதி அவளுடையதே இல்லை. மிளகாய் விழுதும் கடற்பாசியும் ஒரு பக்கம், ஓயூன் மகளுக்கு வாங்கிய ஜாக்கெட் ஒரு பக்கம். அளவு தெரியாமல் இரண்டு வாங்கியிருந்தாள், ஒன்று பெரியது, ஒன்று அதைவிடப் பெரியது. தாசோம் என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா போடறது என்னன்னு பாத்துச் சாப்பிடுங்கப்பா" என்றாள். சரி என்றேன்.

யோங்ரிம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். டிரைவர் கதவைச் சாத்தவா வேண்டாமா என்று இரண்டு முறை எங்களைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் தாசோமும் அழுதுகொண்டே சிரித்தாள். பஸ் நகர்ந்தது. யோங்ரிம் பக்கத்தில் நின்ற ஓயூனின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ஓயூன் அழவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, நான் இங்க அழுதுகிட்டிருக்கேன், நீ சிரிக்கிற," என்றாள் யோங்ரிம்.

"எங்க வீட்டுக்கு ஒரு ஆள் போகுது அக்கா," என்றாள் ஓயூன்.

யோங்ரிம் அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் இன்னொரு கையை உயர்த்தி, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட அந்தப் பஸ்ஸுக்கு, ஓயூனோடு சேர்ந்து ஆட்ட ஆரம்பித்தாள்.